பார்த்துப் போடும் முடிச்சு

மாணவியர் விடுதி,
22-06-2025

அண்ணனுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று உன்னிடம் போனில் கத்திவிட்டு வைத்த பிறகு அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, நீயும் அவனும் பேச ஆரம்பிச்சா லயத்துல அத்தன வீட்டுக்கும் கேக்குது. சொல்ல வேண்டியத ஒரு காயிதத்துல எழுதித் தொலைங்க, நாஞ் சோறு திங்கணும்" என்றாள். அம்மா சொன்னபடி எழுதுகிறேன். உன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன். அதனால் நீயும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு இங்கே இடம் கிடைத்தபோது சித்திரபுரம் பஸ் வெயிட்டிங் ஷெட்டில் 'எங்கள் எஸ்டேட்டின் முதல் பைலட்' என்று ஃப்ளெக்ஸ் வைத்தாய். அன்றைக்கே சொன்னேன், நான் சேர்ந்திருப்பது விமானப் பராமரிப்பு, விமானம் ஓட்டுவது இல்லை என்று. "எல்லாம் ஒண்ணுதாம்ட்டி" என்றாய். மழையில் கிழிந்து தானே போய்விடும் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது உன் நிச்சயத்துக்குப் புது ஃப்ளெக்ஸ். வகுப்பில் மீட்டர்களைச் சரிபார்க்க காக்பிட்டில் உட்கார்ந்தபோது எடுத்த போட்டோவை உனக்கு அனுப்பியது என் புத்திகெட்ட வேலை. அதை எடுத்து, ஃப்ளெக்ஸ் அடிக்கும் ஜிஜோ கடையில் கொடுத்து, என் தலையில் தங்க ஜரிகை போட்ட தொப்பி ஒன்றையும் ஏற்றிவிட்டாய். என்னோடு தங்கியிருக்கும் கிருத்திகா அதைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள். நானும் முதலில் சிரித்தேன்.

இங்கே பைலட் படிப்பு தனிக் கட்டடம். அவர்கள் காலையில் பறக்கிறார்கள். அவர்கள் இறங்கிய பிறகு அதே விமானத்தின் மூடியைக் கழற்றி உள்ளே தலையை விடுவது நாங்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நான் பறக்க ஆசைப்பட்டு முடியாமல் போய் இதில் சேரவில்லை. இதை நீ ஒருநாளும் காதில் வாங்கியதில்லை.

ஆனைக்கரையில் பெண்ணின் அப்பா கருத்தப்பாண்டி மாமாவுக்கு உண்மை தெரியுமா? கல்யாணத்துக்கு முன் சொல்லிவிடு. ஃப்ளெக்ஸை எடு. பத்திரிகையில் என் பெயருக்கு முன் பைலட் என்று போடாதே. இவ்வளவுதான் நான் கேட்பது.

சங்கரி

*

சித்திரபுரம்,
01-07-2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பேனா பிடிப்பது இப்போதுதான். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டபோது அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்கு லவ் லெட்டர் என்று கேட்டார்கள். தங்கச்சிக்கு என்றேன், நம்பவில்லை.

இங்கே ஒரே மழை. ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, டூரிஸ்ட் வரத்து குறைவு. ஜீப்பைக் கழுவிக் கழுவி நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தக் கடுப்பில் எழுதுகிறேன் என்று நினைக்காதே.

நான் யாரிடமும் வாயைத் திறந்து பொய் சொன்னதில்லை. ஃப்ளெக்ஸ் சொன்னது, ஊர் நம்பியது. நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று கருத்தப்பாண்டி மாமா முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான் கேட்டார். "பைலட் பொண்ணு உங்க தங்கச்சியா மாப்ள?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் ஏலத்தோட்டக்காரர், நான் ஜீப் ஓட்டுகிறவன். அந்தத் தலையாட்டல் இல்லாவிட்டால் காப்பி குடித்துவிட்டு அப்படியே திரும்பியிருப்போம். இது உனக்குப் புரிகிறதா?

அம்மாவை நினைத்துப் பார். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவளை யாரும் பேர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. இப்போது சூப்பர்வைசர் முதல் "பைலட்டோட அம்மா வாங்க" என்கிறார்கள். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? அம்மாவே உன்னிடம் இதைச் சொல்லமாட்டாள்.

அப்புறம், விமானத்தைக் கழற்றிப் பூட்டுகிறவளுக்கு அதை ஓட்டத் தெரியாமல் இருக்குமா? ஜீப்பைக் கழற்றிப் பூட்டுகிற நான் ஓட்டவில்லையா? நாளைக்கு வேலைக்குப் போனால் தினமும் விமானத்தில்தானே இருக்கப் போகிறாய்? இதில் எங்கே பொய் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பத்திரிகை ஜிஜோவிடம் போய்விட்டது. என் பேருக்கும் 'டூரிசம் பிசினஸ்' என்று போட்டிருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகப் போட்டான். நல்லாத்தான் இருக்கிறது.

பிளாக்கை எடு. ஒரு கல்யாண வீட்டில் தங்கச்சி நம்பருக்கு அடித்தால் போகவில்லை என்பது அசிங்கமாக இருக்கிறது.

அருண்பாண்டி

*

விடுதி,
08-07-2025

அண்ணனுக்கு,

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன வாரம் விமானத்தை நிறுத்தி வைக்கும் ஹாங்கரில் எனக்கும் கிருத்திகாவுக்கும் வேலை. விமானத்தின் வாலில் சுக்கான் இருக்கிறது, அதை அசைக்க ஒரு கேபிள் ஓடுகிறது. கேபிளின் இணைப்பை இறுக்கிய பிறகு மெல்லிய கம்பியை அதில் கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும். லாக் வயர் என்பார்கள். பறக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து இணைப்பு கழன்றுவிடாமல் இருக்க அந்தக் கட்டு. கட்டுகிறவர் ஒரு கையெழுத்து போடுவார். பிறகு அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் வந்து தன் கண்ணால் பார்த்து இரண்டாவது கையெழுத்து போட வேண்டும். இரண்டும் இல்லாமல் விமானம் வெளியே போகாது.

கிருத்திகா கட்டினாள். மெஸ் மூடும் நேரம். கையெழுத்துத் தாளை நீட்டி, "போட்டுரு புள்ளெ, போலாம்" என்றாள். நான் விளக்கைப் பிடித்துக் குனிந்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்புள்ளெ, இது பறக்கவே பறக்காத பழைய பிளேனு. நம்ம பழகறதுக்கு வெச்சிருக்கறாங்க. எம்மேல நம்பிக்கை இல்லையாக்கும்?" என்றாள். பார்த்தால் கம்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கழல விடாமல் பிடிக்க வேண்டியது, கழல்வதற்கு வழிவிட்டுக் கொண்டிருந்தது. நான் கையெழுத்து போடவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். இரண்டு பேருக்கும் அன்று சாப்பாடு இல்லை. கொழிஞ்சாம்பாறைக்காரிக்குக் கோபம் வந்தால் உன்னைவிட மோசம். மூன்று நாள் சுவரைப் பார்த்துத்தான் படுத்தாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் வீட்டுக் கல்யாணத்திலும் இதே முறைதான் இருக்கிறது. நீ மதினி கழுத்தில் தாலியைக் கட்டி முதல் முடிச்சு போடுவாய். அடுத்த முடிச்சுகளை நாத்தனார் போட வேண்டும். அது நான். சின்ன வயதிலிருந்து உன் கல்யாணத்தில் அந்த முடிச்சைப் போடுவதை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், சிரிக்காதே. ஆனால் கற்பகம் மதினி பொய்யை நம்பி மணையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் நின்று என்னால் முடிச்சு போட முடியாது. கை வராது.

நீ மாமாவிடம் சொல்லாவிட்டால் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். மிரட்டல் இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அழுதேன்.

சங்கரி

*

சித்திரபுரம்,
16-07-2025

சிவசங்கரிக்கு,

நன்றாக இருக்கிறது. என் கல்யாணமும் உன் விமானத்து நட்டும் போல்ட்டும் உனக்கு ஒன்றாகிவிட்டது. கழன்று விழுவதற்கு நான் என்ன வாலா?

நான் ஏன் பத்தாவதோடு நின்றேன், யார் படிப்புக்காக ஜீப் ஓட்டப் போனேன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொல்லிக்காட்டக் கூடாது என்றிருந்தேன், நீ சொல்ல வைத்துவிட்டாய். ஒரு ஃப்ளெக்ஸ் வைக்க எனக்கு உரிமை இல்லையா? உன்னைப் பற்றிப் பெருமைப்பட நான் யாரிடம் கேட்க வேண்டும்? வராவிட்டால் போ. சித்தப்பா மகள் யாராவது முடிச்சு போடுவாள். பெரியப்பா வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேறு தாள் இல்லை, கிடக்கட்டும்.

பொய் பொய் என்கிறாயே, அதனால் நடந்த நல்லதையும் கேள். கற்பகத்தின் தங்கச்சி அழகுத்தாய் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். கோட்டயம் பக்கம் ஒரு காலேஜில் நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை உன் ஃப்ளெக்ஸை போனில் வைத்துக்கொண்டு, "லயத்துல பொறந்த அக்கா பைலட் ஆகும்போது நா ஆகக் கூடாதா? எனக்கு நர்சிங் வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்டாள். மாமாவும் சரி என்கிறார். நர்சிங் இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். நீ கல்யாணத்துக்கு வரும்போது பைலட் படிப்பில் எப்படிச் சேருவது என்று உன்னிடமே உட்கார்ந்து கேட்கலாம் என்று இருக்கிறார்கள். ஒரு ஃப்ளெக்ஸ் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் கொடுத்திருக்கிறது பார்!

அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை.

அருண்பாண்டி

*

விடுதி,
21-07-2025

அண்ணே,

உனக்குப் புத்தி இருக்கிறதா? அந்தப் பிள்ளை கையில் இருக்கும் இடத்தை விடப் போகிறாள், நீ அதைப் பெருமையாக எழுதுகிறாய். நான் ஏறாத ஏணியில் அவள் கால் வைக்கிறாள். பைலட் படிப்பில் சேர என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவளைவிட எனக்கு ஒன்றும் அதிகம் தெரியாது. அவள் ஆசைப்படட்டும், தாராளமாகப் பறக்கட்டும், அவளால் முடியும். ஆனால் நான் போனேன் என்று நம்பி ஒரு இடத்தை விடக் கூடாது.

நான் இப்போதே கற்பகம் மதினிக்கு போன் போட்டுச் சொல்லிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் தலையாட்டியது நீ. நீதான் போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நீ ஆயுசுக்கும் அவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். திங்கள் காலை நான் சொல்லிவிடுவேன்.

சங்கரி

*

சித்திரபுரம்,
29-07-2025

தங்கச்சிக்கு,

அம்மாவின் போனிலிருந்து சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அம்மா உன்னிடம் கொஞ்சம் சொல்லியிருப்பாள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் ஜீப் ஓட்டினேன். ஞாயிறு வரை தவணை இருக்கிறதே என்று இருந்தேன். ஞாயிறு மதியம் ஆனைக்கரை போனேன். மழை. வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள், மாப்பிள்ளை வருகிறார் என்று. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் சாப்பிடாமலே சொன்னேன். "மாமா, சங்கரி பைலட் இல்ல. பிளேன் ரிப்பேர் பாக்குற படிப்பு படிக்கா. நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். மாமா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

அழகுத்தாய்தான் பேசினாள். "நேத்துத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தோம்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அங்கிருந்தே எனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அந்தக் காலேஜுக்குப் பேச வைத்தேன். திங்கள் காலை பதில் சொன்னார்கள், பட்டியலில் அடுத்திருந்த பிள்ளைக்கு இடம் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை கடிதம் வந்ததும் வண்டியை எடுத்திருந்தால் இருந்திருக்கும்.

மாமா வாசல் வரை வந்தார். "பெறகு சொல்லி அனுப்புதோம்" என்றார். அவ்வளவுதான். கற்பகம் வெளியே வரவேயில்லை. கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

வரும் வழியிலேயே வெயிட்டிங் ஷெட்டில் ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டேன். நாலு பேர் ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ளைக்கு இனி என்ன வழி?" என்றாள். மறுநாள் காலை பேர் பதியும் மஸ்டருக்குப் போய் சூப்பர்வைசரிடம் அவளே, "எம் மக பைலட் இல்ல, மெக்கானிக்கு. இனி சின்னத்தாய்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். எனக்கு இருந்த பயம் அவளுக்கு இல்லை.

அருண்பாண்டி

*

விடுதி,
04-08-2025

அண்ணே,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதத்தான் தோன்றுகிறது.

வெள்ளி, சனி என்று நீ உன்னை மட்டும் திட்டிக்கொள்ளாதே. ஞாயிறு வரை தவணை கொடுத்தது யார்? ஒரு நிமிஷ வேலை என்று எழுதினேனே, அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்று பிடிவாதமாக இருந்தேன். முறை பார்த்துக்கொண்டு இருந்ததில் ஒரு பிள்ளையின் இடம் போய்விட்டது. ஹாங்கரில் ஏதாவது உடைந்திருப்பதைப் பார்த்தால் யார் வேலை என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, முதலில் விமானத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். எனக்கு அவமானமாக இருக்கிறது. கிருத்திகாவிடம் இதைச் சொன்னபோது அவள், "கம்பியப் பாத்த அளவுக்கு ஆளப் பாக்காம உட்டுட்டியே புள்ளெ" என்றாள்.

அழகுத்தாயிடம் நேற்று பேசினேன். முதலில் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "சொல்லுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள். கடைசியில், "நீங்க என்னதான் படிக்கீக, அதயாச்சும் நேராச் சொல்லுங்க" என்றாள். ஒரு மணி நேரம் சொன்னேன். எண்ணெய்ப் பிசுக்கு, கம்பி குத்திய விரல், பரீட்சை, பையன்கள் ஸ்பானரைப் பிடுங்குவது, எல்லாம். நல்லதையும் சொன்னேன், நாங்கள் கை வைத்த விமானம் மறுநாள் காலை மேலே ஏறும்போது எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பதைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

மதினி வீட்டிலிருந்து ஏதாவது வந்ததா?

சங்கரி

*

சித்திரபுரம்,
12-08-2025

சங்கரிக்கு,

நாலு நாளைக்கு முன் கற்பகமே போன் போட்டாள். நிச்சயத்துக்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க தங்கச்சி பைலட்டுன்னு நா உங்களுக்குச் சரின்னு சொல்லல. நீங்க என்னயக் கூட்டிட்டுப் போற வண்டி ஜீப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா எந் தங்கச்சிக்கு ஒரு வருசம் போச்சு. அத யாரு குடுப்பா?" என்றாள். என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். பிறகு அவளே, "இனி எதுக்காச்சும் தலையாட்டுனா வாயத் தொறந்து சொல்லிட்டு ஆட்டுங்க" என்றாள். அழுதாள் போல. அப்பா ஒத்துக்கொண்டார், தேதி மாற்றவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜிஜோவிடம் போய்ப் பழைய பத்திரிகை வேண்டாம் என்றேன். "எந்தா சேட்டா, பைலட் நல்ல லுக் அல்லே?" என்று வருத்தப்பட்டான். தொப்பி வைத்தவன் அவன்தானே. புதுப் பத்திரிகை இதோடு அனுப்புகிறேன். உன் பேருக்குக் கீழே 'விமானப் பராமரிப்பு மாணவி' என்று இருக்கிறது. என் பேருக்குக் கீழேயும் பார், 'ஜீப் டிரைவர்'. அது நான் சொல்லிப் போட வைத்தது. மாமா அதைப் படித்துவிட்டுத் திரும்ப ஒருமுறை படித்தாராம்.

ஃப்ளெக்ஸ் எங்கே என்று கேட்காதே. அம்மா விறகு நனையாமல் மூடிவிட்டாள், உன் முகம் உள்பக்கம். அவ்வளவு நல்ல ஷீட் கடையில் கிடைக்காதாம்.

29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். சித்தப்பா மகளை நான் கேட்கவில்லை. வேறு யாரையும் கேட்க மாட்டேன். நீ வராவிட்டால் ஒரே முடிச்சோடு நிற்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லி அடி வாங்கினேன்.

அருண்பாண்டி

*

ரயிலில்,
31-08-2025

அண்ணே,

வண்டி ஆலுவா தாண்டிவிட்டது. நாளை மறுநாள் போய்ச் சேருவேன். அதற்குள் நீ உன் புதுப் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருப்பாய், போனில் என்னைக் கண்டுகொள்ள மாட்டாய். அதனால் இதை இறங்குமிடத்தில் தபாலில் போடுகிறேன்.

அழகுத்தாய் பந்தியில் உனக்கு மட்டும் பாயசம் வைக்காமல் தாண்டிப் போனதைப் பார்த்தேன். நீயும் கேட்கவில்லை. அப்படியே இரு, கொஞ்ச காலம் பாயசம் இல்லாமல் இரு. என்னிடமும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலில் இருந்த கீறலைத் தொட்டு, "இது அந்தக் கம்பியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அடுத்த வருசம் எங்க சேரணும்னு நா இன்னும் முடிவு பண்ணல. நீங்க ஒண்ணும் சொல்லாதீக, நா கேக்கும்போது சொல்லுங்க" என்றாள். சரி என்றேன்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. மணவறையில் மேளம் கொட்டியதும் எல்லாரும் அரிசியைப் போட, பெரியம்மா என் முதுகில் தட்டி, "போடுட்டி, போடுட்டி, நேரம் போகுது" என்று அவசரப்படுத்தினாள். நீ முன்னால் குனிந்திருந்தாய், உனக்குத் தெரியாது. நான் உடனே போடவில்லை. மதினியின் கூந்தலை ஒதுக்கிவிட்டு, நீ போட்ட முதல் முடிச்சை விரலால் இழுத்துப் பார்த்தேன். மதினி தலையைத் திருப்பாமலே மெதுவாக, "சரியா இருக்கா?" என்று கேட்டாள். சிரிப்பு இல்லாமல்தான் கேட்டாள்.

"சரியா இருக்கு மதினி" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் என் முடிச்சைப் போட்டேன்.

சங்கரி